பாக்கெட்ல போட்ட நம்பரும் நம்ம வயிறும்

மக்களே, கொஞ்சம் புலம்பிக்கறேன். நம்ம ரூம்மேட் ஒருத்தன் ரெண்டு மாசமா மொபைல்ல கலோரி கணக்கு எழுதிட்டு இருக்கான். போன வாரம் பாதாமை ஒதுக்கி வச்சுட்டு பிஸ்கட்டைப் பிரிச்சான். ஏண்டான்னா, "28 கிராம் பாதாம் 170 கலோரி மச்சி. அளந்துதானே போட்டிருக்கான்"கறான்.

யாருய்யா அளந்தது?

அளக்கறதுக்கு பாம் கலோரிமீட்டர்னு ஒரு சாமான் இருக்கு. கெட்டியான எஃகுக் குடுவை, உள்ள காய வச்ச சாம்பிள், அழுத்தி அடைச்ச ஆக்சிஜன், சுத்தியும் தண்ணி. பத்த வச்சு தண்ணி எத்தனை டிகிரி ஏறுதுன்னு பார்க்கணும். குடுவையே குடிக்கிற சூட்டையும் மறக்காம கூட்டிக்கணும். ஒரு கிலோ தண்ணி ஒரு டிகிரி ஏறினா அது ஒரு கிலோகலோரி. அதைத்தான் பாக்கெட்ல சும்மா கலோரிங்கறாங்க.

ஆனா லேபிள் நம்பர் பெரும்பாலும் இப்படி வர்றதே இல்ல. புரதம் 4, மாவுச்சத்து 4, கொழுப்பு 9னு பெருக்கிக் கூட்டிடறாங்க. இது 1890களில் அமெரிக்காவுல அட்வாட்டர் ஆரம்பிச்ச கணக்கு. அவர் மேல எனக்குக் கோபமில்ல. மனுஷனையே கலோரிமீட்டர் அறைக்குள்ள நாள்கணக்கா உட்கார வச்சு அளந்தவர் அவர். புரதம் குடுவைல எரிஞ்சா கிராமுக்கு 5.65 வரும், உடம்புல ஒரு பங்கு யூரியாவா சிறுநீர்ல போயிடும், அதனால 4தான்னு கழிச்சவரும் அவரே. ஆனா அது கலந்து சாப்பிடற சாப்பாட்டுக்கான சராசரி. அதை ஒத்தை பாதாம் மேல ஒட்டினா?

2012ல அமெரிக்க வேளாண் துறை ஆளுங்க 18 பேருக்கு பாதாம் கொடுத்து, தின்னது, கழிச்சது எல்லாத்தையும் (ஆமாங்க, எல்லாத்தையும்) கலோரிமீட்டர்ல எரிச்சுப் பார்த்தாங்க. உடம்புக்குப் போனது 129தான்! மென்ன பிறகும் உடையாத செல் சுவருக்குள்ள கொழுப்பு மாட்டிக்கிட்டு அப்படியே வெளிய போயிடுது. அதே பாதாமை வெண்ணெய் மாதிரி அரைச்சுத் தின்னா கிட்டத்தட்ட முழு நம்பரும் ஏறிடும்னு 2016ல அதே கோஷ்டி காட்டுச்சு. லேபிளுக்கு இந்த வித்தியாசம் எங்க தெரியும்?

எனக்கு எரிச்சல் நம்ம பொட்டி தட்டற கூட்டத்து மேலதான். அமெரிக்கச் சட்டமே லேபிள் கலோரியை விட 20 சதவீதம் வரைக்கும் கூட இருந்தா கண்டுக்காது. நாம எழுதற ஆப் மட்டும் '1,847' காட்டும். கடைசி 7 எங்கேருந்து வந்துச்சு சாமி? முன்னாடி ஒரு 'சுமார்' போட எத்தனை வரி கோட் ஆகும்?

இவ்வளவும் அவன்கிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, பாதாமை 129னு மாத்தி எழுதிக்கிட்டான்.