மாத்திரை இருக்கிறது... மறைக்காதீர்கள்!

செப்ட்ரான் மாத்திரையைத் தெரியாத வீடு உண்டா? நீர்க்கடுப்பு, சீதபேதி என்று டாக்டர்கள் காலம்காலமாக எழுதிக் கொடுத்த மாத்திரைதான். அதில் இருக்கும் மருந்து கோ-டிரைமாக்ஸசோல். எய்ட்ஸ் நோயாளிகளை ஒரு பொல்லாத நிமோனியாவிலிருந்து காப்பாற்றுவதும் இதே மருந்துதான் என்றால் நம்புவீர்களா?

நியூமோசிஸ்டிஸ் என்பது ஒரு காளான் கிருமி. ஆரோக்கியமாக இருப்பவர்களை அது ஒன்றும் செய்வதில்லை. எச்.ஐ.வி.யால் ரத்தத்தில் சிடி4 அணுக்கள் 200க்குக் கீழே இறங்கிவிட்டால், நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும். 1981 ஜூனில் அமெரிக்காவில் ஐந்து இளைஞர்களுக்கு இந்த நிமோனியா வந்த செய்தி வெளியான பிறகுதான் எய்ட்ஸ் பற்றியே உலகத்துக்குத் தெரிந்தது. நம் நாட்டில் எச்.ஐ.வி. இருப்பதை 1986ல் கண்டுபிடித்தது சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமனின் குழு.

அறிகுறிகள் என்ன? வறட்டு இருமல், விடாத காய்ச்சல், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குவது. நாளாக ஆக இது கூடிக்கொண்டே போகும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூட ஒன்றும் தெரியாமல் போகலாம். இங்கேதான் நாம் ஏமாந்துவிடுகிறோம். கடலூர் - சிதம்பரம் சாலையில், சிப்காட்டை ஒட்டியிருக்கும் செம்மங்குப்பம் போன்ற ஊரில் ஒருவர் இருமினால், 'எல்லாம் ஆலைப் புகை' என்று விட்டுவிடலாம். வேறு ஊரில், 'சளிதான், கஷாயம் குடி' என்பார்கள். உள்ளுக்குள் சந்தேகம் இருப்பவரும், 'வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமே' என்று வாயைத் திறக்க மாட்டார்.

இந்த மறைப்புதான் உயிரைக் குடிக்கிறது என்பேன் நான். ஏனென்றால், நோய் லேசாக இருக்கும்போதே வந்தால் 21 நாள் மாத்திரையிலேயே குணப்படுத்த முடியும். மூச்சுத் திணற ஆரம்பித்த பிறகு வந்தால் ஊசி, ஆக்சிஜன், ஸ்டீராய்டு என்று ஆஸ்பத்திரியில் போராட வேண்டும். அப்போதும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

'அதான் தெரிந்த மாத்திரையாச்சே' என்று மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். இந்த நிமோனியாவுக்கான அளவே வேறு. சிலருக்கு சல்ஃபா ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடிப்பும் காய்ச்சலும் வரும். அவர்களுக்கு டாப்சோன், பிரைமாகுயின் சேர்ந்த மாற்று மாத்திரைகள் உண்டு. ஆனால் அதற்கு முன் ஜி6பிடி என்ற ரத்தப் பரிசோதனை அவசியம். இதையெல்லாம் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த நிமோனியா வராமலே தடுக்கவும் முடியும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தினமும் கோ-டிரைமாக்ஸசோல் சாப்பிட வேண்டும். கூடவே ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தையும் விடாமல் சாப்பிட்டு, சிடி4 நன்றாக ஏறிவிட்டால், தடுப்பு மாத்திரையை டாக்டரே நிறுத்திவிடுவார். நீங்களாக நிறுத்தக் கூடாது. தமிழ்நாட்டில் 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியத்தில் தொடங்கி, ஏ.ஆர்.டி. மருந்துகளை அரசே இலவசமாகத் தருகிறது. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் பரிசோதனையும் இலவசம், விஷயமும் ரகசியம். ஆலோசனைக்கு 1097க்கு போன் செய்யலாம். 2017ல் வந்த சட்டத்தின்படி, எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக யாரையும் வேலையிலோ ஆஸ்பத்திரியிலோ ஒதுக்கவும் முடியாது.

ஆனால் வீட்டுக்குள் என்ன சட்டம் வரும்? தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கினால், அவர் மாத்திரையை ஒளித்து வைப்பார். ஒளித்து வைக்கிற மாத்திரை நாள் தவறும். தட்டிலும் டம்ளரிலும் எச்.ஐ.வி. பரவாது. அண்ணனோ, மகளோ, மாப்பிள்ளையோ... யாராக இருந்தாலும் 'இன்னிக்கு மாத்திரை போட்டாச்சா?' என்று நீங்களே கேளுங்கள்!