அடுப்பு எரியேக்கை கணக்குப் பாக்காதேங்கோ

போன கிழமை ஒரு பெடியன் ரெலிபோன் எடுத்தான். ஊர்ச்சங்கத்தின்ரை இணையத்தளம் பின்னேரத்திலை திறக்கமாட்டன் எண்டு நிக்குதாம். "எத்தினை பேர் வருகினம் எண்டு பாக்கச் சேர்வரிலை ஒரு மென்பொருள் ஓடவிட்டனான் அண்ணை" எண்டான். எனக்கு 2009 ஞாபகம் வந்தது.

அந்த மே மாதம் அந்தத் தளத்தை நான்தான் பாத்தனான். மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்த எங்கடை ஊர்ச்சனத்தின்ரை பேர்களைக் கேள்விப்படக் கேள்விப்படப் போட்டம். எல்லா நாட்டிலையும் இருந்து சனம் திறந்து பாத்தது. நானோ எத்தினை பேர் எண்டு அறியிற ஆசையிலை ஏடபிள்யூஸ்டாட்ஸை அதே சேர்வரிலை ஓட்டினன். ஒவ்வொரு ஐபி முகவரிக்கும் பேர் தேடவும் சொல்லிவிட்டன். தளம் படுத்திட்டுது. கனடாவிலை ஒரு அம்மா மகன்ரை பேரைத் தேடி விடியுமட்டும் முழிச்சிருந்தவ எண்டு பிறகு அறிஞ்சன்.

நான் றெஸ்ரோறன்ற் குசினியிலை நிக்கிறவன். மேசையெல்லாம் நிரம்பியிருக்கேக்கை ஆரும் பில் துண்டுகளைக் கூட்டிப் பாக்கிறேல்லை. கடை பூட்டினாப் பிறகுதான் கணக்கு. லொக் கோப்பும் அப்பிடித்தான். நடுச்சாமத்திலை லொக்ரொட்டேட் பழைய கோப்பை மூடட்டும். அதை ஆர்சிங்காலை, வேகத்தைக் கட்டுப்படுத்தி, வீட்டுக் கணனிக்கு எடுத்து அங்கை எண்ணுங்கோ. சேர்வரிலைதான் செய்யவேணும் எண்டால் நைஸ் 19 குடுங்கோ. அது சிபியூவிலை மட்டும்தான் மற்றவைக்கு வழிவிடும். வட்டுக்கு அயோநைஸும் வேணும். பேர் தேடலை நிப்பாட்டுங்கோ.

எண்ணுறது பிழையெண்டு சொல்லேல்லை. உலகத்தின்ரை முதல் வலைச் சேர்வர் ஜெனீவாவிலை, சேர்னிலை ஓடினது. 1991 தொடக்கம் 1994 வரை அதின்ரை சுமை வருசா வருசம் பத்து மடங்கு கூடினதெண்டு டிம் பேர்னர்ஸ் லீ எழுதியிருக்கிறார். எண்ணினபடியாலைதானே அது தெரிஞ்சது. ஆனால் அந்த இயந்திரத்திலை ஒட்டியிருந்த துண்டு என்ன சொல்லிச்சுது? இது சேர்வர், நிப்பாட்டாதேங்கோ எண்டுதான்.

இன்னொண்டு. வீட்டுக்கு எடுத்த கோப்பிலை வாசிச்ச ஆக்களின்ரை ஐபி முகவரிகள் கிடக்கு. அதுவும் தனிநபர் தரவாகலாம் எண்டு 2010இலை சுவிஸ் கூட்டாட்சி உச்சநீதிமன்றம் சொல்லிப்போட்டுது. ஊரிலை இருந்துகொண்டு பயந்து பயந்து வாசிச்ச சனத்துக்கு அதைக் கோடு சொல்லித்தான் தெரியவேணுமெண்டில்லை. எண்ணி முடிஞ்சால் தொகையை வைச்சுக்கொண்டு கோப்பை அழியுங்கோ.

பெடியன் நேற்றும் எடுத்தான். தளம் ஒழுங்காத் திறக்குதாம். "பழைய கோப்புகளை அழிச்சனியோ?" எண்டு கேட்டன். "இன்னும் இல்லை அண்ணை" எண்டான். அவனும் வாசிப்பான் எண்டுதான் இதை எழுதுறன்.