அருகன் பெயரில் ஓர் ஆயுதம்

இந்தியா தானே கட்டிய முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் 2009 ஜூலை 26 அன்று விசாகப்பட்டினத்தில் நீரில் இறக்கப்பட்டது. அன்றைய பிரதமர் மன்மோகன் சிங்கின் துணைவியார் தேங்காய் உடைத்து அதனைத் தொடங்கி வைத்தார். ஏறத்தாழ 6,000 டன் எடையும் 111 மீட்டர் நீளமும் உடைய கப்பல் அது. அதன் வயிற்றில் 83 மெகாவாட் அணு உலை. முதுகில் அணுகுண்டு தாங்கும் ஏவுகணைகளுக்கான குழாய்கள். 2016 ஆகஸ்டில் ஆரவாரமின்றிக் கடற்படையில் சேர்ந்தது. முதல் ரோந்துப் பயணத்தை முடித்துவிட்டதாக 2018 நவம்பர் 5 அன்று பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். 2022 அக்டோபர் 14 அன்று வங்காள விரிகுடாவில் அதிலிருந்து ஏவுகணை ஒன்று சோதித்துப் பார்க்கப்பட்டது. அதே வகையில் இரண்டாவதான ‘அரிகாட்’ 2024 ஆகஸ்ட் 29 அன்று கடற்படையில் சேர்க்கப்பட்டது.

முதற் கப்பலின் பெயர் ‘அரிஹந்த்’. பகைவரைக் கொல்பவன் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். கப்பலைப் பற்றிப் பாதுகாப்பு வல்லுநர்கள் பேசட்டும். அந்தச் சொல்லைப் பற்றிப் பேசத் தமிழ் படித்தவனுக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. ஏனெனில் அது நமக்கு அயற்சொல் அன்று. நம் நிகண்டுகளும் காப்பியங்களும் ‘அருகன்’ என்று வழங்குவது அதனையே.

‘அர்ஹத்’ என்னும் வடசொல்லுக்குத் தகுதியுடையோன் என்பது பொருள். பிராகிருதத்தில் அது ‘அரிஹந்த’ என்றாயிற்று. ‘அரி’ என்பதைப் பகையெனப் பிரித்து, பகையைக் கொன்றவன் என்று சமண உரைகாரர்கள் விளக்கம் கண்டார்கள். ஆனால் அவர்கள் அத்தோடு நிறுத்தவில்லை. எந்தப் பகை என்பதையும் உடனே சொன்னார்கள். சினம், செருக்கு, வஞ்சம், அவா ஆகிய நான்கும் உள்ளிருந்து உயிரைக் கட்டும் பகைகள். அவற்றை வென்றவனே அருகன். ஓரறிவுயிர்க்கும் தீங்கு நேரலாகாது என்று தரை பார்த்து நடந்த மரபு, தன் முதல் வணக்கத்தை அவனுக்கே செலுத்துகிறது. அந்தப் பெயரை எடுத்து நகரங்களை எரிக்கவல்ல கலத்தின் மீது எழுதியிருக்கிறோம். சொல்லின் பாதியை வைத்துக்கொண்டு மீதியைக் கடலில் எறிந்துவிட்டோம்.

நான் வாழும் ஜவ்வாது மலைப் பக்கத்தில் இது ஏட்டளவிலான செய்தி அன்று. மலையின் கிழக்கே, போளூரை அடுத்த திருமலையில், பாறையில் செதுக்கிய நேமிநாதர் சுமார் 16 மீட்டர் உயரத்தில் நிற்கிறார். கையில் ஆயுதம் இல்லை. உடலில் ஆடையும் இல்லை. இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் அங்கே ஒரு சமணக் கோயில் உண்டு. எங்கள் மாணவர்கள் புணர்ச்சி விதி கற்பது பவணந்தி என்னும் சமண முனிவரின் நன்னூலில். காப்பியச் சுவை கற்பது திருத்தக்கதேவரின் சிந்தாமணியில். தமிழுக்கு இத்துணை ஈந்த ஒரு நெறியின் தலையாய சொல்லை ஏவுகணைக் கலத்திற்குச் சூட்டியபோது தமிழிலக்கிய உலகிலிருந்து ஒரு முணுமுணுப்பேனும் என் காதில் விழவில்லை.

“பெயரில் என்ன ஐயா இருக்கிறது?” என்று நண்பர்கள் கேட்பார்கள். நிறைய இருக்கிறது. இதே ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில், 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதற்கு வைனு பாப்புவின் பெயரை வைத்தார்கள். அந்த ஆய்வகத்தை உருவாக்கிய அறிவியலாளரின் பெயர் அது. பெயருக்கும் பொருளுக்கும் பிணக்கில்லை. ‘அக்னி’ என்று ஏவுகணைக்குப் பெயரிட்டதிலும் ஒரு நேர்மை உண்டு. எரிப்பதை எரிப்பது என்றே சொல்கிறது. ஆனால் 1974ஆம் ஆண்டின் அணுவெடிப்பு ‘சிரிக்கும் புத்தர்’ என்னும் பெயரால் அறியப்படுகிறது. புத்தருக்குப் பின் அருகன். கொல்லாமையைப் போதித்த இருவரையும் கொல்கருவிக்குக் காவல் நிறுத்தியாயிற்று. புனிதப் பெயர் பூண்ட பொருளை எவரும் கேள்வி கேட்பதில்லை. அதன்முன் கைகூப்புவார்கள், தேங்காய் உடைப்பார்கள், கலைந்து போவார்கள். எனவேதான் பெயரை ஆராய வேண்டியிருக்கிறது.

அடுத்து வரும் மறுப்பு, சங்கத் தமிழர் போரைப் பாடவில்லையா என்பது. பாடினர். ஆனால் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார் தம் அரசனிடம் எதனைப் புகழ்கிறார்? பசுக்கள், பெண்கள், நோயாளிகள் முதலியோர் பாதுகாப்பான இடம் சேருமாறு முன்னரே அறிவித்துவிட்டுப் போர் தொடங்கும் அறத்தை. நடைமுறையில் அது எவ்வளவு பின்பற்றப்பட்டது என்பது வேறு. புகழத்தக்கது எது என்பதில் புலவருக்கு ஐயம் இல்லை. அரிஹந்த் முதலில் பெற்ற கே-15 ஏவுகணை 750 கிலோமீட்டர் பாயும். அடுத்த தலைமுறையான கே-4 ஏவுகணை 3,500 கிலோமீட்டர் பாயும். அணுகுண்டு விழும் ஊரில் நோயாளியை யார் எங்கே அனுப்புவது? இந்த ஆயுதத்தைப் புறநானூற்று வீரத்தின் தொடர்ச்சியாகப் பேசுவோர் புறநானூற்றை மீண்டும் ஒருமுறை படிப்பது நன்று.

வலிமையான மறுப்பு ஒன்று உண்டு. அதனை நான் ஒதுக்கவில்லை. முதலில் அணுகுண்டைப் பயன்படுத்தமாட்டோம் என்பது இந்தியா 2003இல் முறையாக அறிவித்த கொள்கை. முதலடியைத் தாங்கிய பின்னரே திருப்பியடிப்பது என்றால், தாங்கிப் பிழைக்கும் ஆயுதம் வேண்டும். தரையில் உள்ளதைச் செயற்கைக்கோள் பார்த்துவிடும். கடலடியில் மறைந்திருப்பதைக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே எதிரி அஞ்சுவான், போர் வராது என்கிறார்கள். வாதம் கோவையாகவே இருக்கிறது. ஆனால் இரு நாடுகளும் 1998இல் அணுகுண்டு சோதித்தன. 1999இல் கார்கிலில் போர் வந்தது. அச்சம் ஓரளவுக்குத்தான் காக்கும். மேலும், அந்தக் காவலின் விலையில் நம் பங்கு என்ன என்பதைத் தமிழில் எவரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

அரிஹந்தின் அணு உலைக்கு முன்மாதிரி கல்பாக்கத்தில் கட்டப்பட்டது. 2006 முதல் இயங்கியது. கடற்படையினர் பயிற்சி பெற்றதும் அங்கேதான். ஜவ்வாது மலையிலிருந்து நேர்கிழக்கே கோடு போட்டால் சுமார் 140 கிலோமீட்டர் தொலைவு. நீருக்கடியில் உள்ள கப்பலுக்குச் சாதாரண வானொலி அலை எட்டாது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலையே கடல்நீரில் சிறிது ஆழம் இறங்கும். அத்தகைய அலைபரப்பும் நிலையம் திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் 1990 முதல் இருக்கிறது. அதன் பெயர் ‘கட்டபொம்மன்’. போர் என்று வந்தால் பகைவனின் வரைபடத்தில் இந்த இரண்டு ஊர்களும் விடுபட்டிருக்குமா? அங்கே குடியிருப்பவர்களிடம் இதனை என்றேனும் எடுத்துச் சொன்னோமா?

மறைபொருள் எல்லாவற்றையும் கடைத்தெருவில் கொட்டு என்று கேட்கவில்லை. கப்பல் எங்கே நிற்கிறது என்பது எனக்கு வேண்டாம். ஆனால் 2000ஆம் ஆண்டில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலையங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கப்பட்டு, அம்மையத்தின் சொந்தக் குழுவிடமே ஒப்படைக்கப்பட்டன. உலையை நடத்துவோரே உலையைச் சோதிப்போர் ஆயினர். இது பகைவனிடமிருந்து காக்கும் இரகசியம் அன்று. குடிமக்களிடமிருந்து காக்கும் இரகசியம்.

2014 மார்ச்சில் விசாகப்பட்டினத்துக் கப்பல் கட்டும் மையத்தில், கட்டப்பட்டு வந்த நீர்மூழ்கிக் கப்பலின் பகுதி ஒன்றை அழுத்தச் சோதனை செய்தபோது தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். செய்தி ஓரிரு நாள் வந்தது, மறைந்தது. எங்கள் செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்றோர் ஊர். அங்கே மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் உண்டு. கால்நடைகளைக் காத்து மடிந்த வீரனின் பெயரும், அரசனின் ஆட்சியாண்டும் அதில் உள. அவனோடு நின்று கள்வரைக் கடித்த நாயின் பெயரும் உண்டு: கோவிவன். ஏறத்தாழப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டியவர்கள் இம்மண்ணில் இருந்தார்கள். அந்தத் தொழிலாளியின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இப்படி எழுதினால் படைவீரரை இழிவுபடுத்துவதாகச் சிலர் கொதிக்கக்கூடும். வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பும் கம்மவான்பேட்டை எங்களுக்கு அடுத்த வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அத்தகைய ஊர்களின் பிள்ளைகள் அணு உலையின் அருகே மாதக்கணக்கில் உறங்கப் போகிறார்கள் என்றால், அந்த உலையைச் சார்பற்ற ஒருவர் சோதித்தாரா என்று கேட்பதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை.

ஆகவே கேட்பவை மூன்று. சார்பற்ற பாதுகாப்புச் சோதனை வேண்டும். இத்திட்டத்தின் மொத்தச் செலவைப் பாராளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். அருகனின் பெயரை அக்கப்பலிலிருந்து எடுக்க வேண்டும். முதலிரண்டும் அரசின் கையில் உள்ளவை, எளிதில் நடவா. மூன்றாவதைக் கேட்பதற்கேனும் தமிழறிந்தோர் வாய் திறக்கலாம். கப்பலுக்கு வேறு பெயரா கிடைக்காது? அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இல்லை.