பத்துக்கு அஞ்சு பொருத்தம்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு நினைச்சிருப்பீங்க. அது பாதிக் காரணம்தான், மீதி பெரம்பலூர்ல இருக்கு. வழக்கமான மொக்கையை எதிர்பார்த்து வந்த மக்கள் மன்னிக்கணும், இன்னைக்குக் கொஞ்சம் சூடு.

சித்தப்பா பையனுக்கு ரத்தப் புற்றுநோய். வயசு இருபத்தஞ்சு. கீமோ கொடுத்து அடக்கி வச்சிருக்காங்க. ஆனா இவனுக்கு வந்திருக்கிற வகை திரும்பி வரக்கூடியது, வர்றதுக்குள்ள எலும்பு மஜ்ஜை மாத்திடணும்னு டாக்டர் சொல்லிட்டார். கூடப் பிறந்தது ஒரே தங்கச்சி. டெஸ்ட் எடுத்தாங்க. பத்துக்கு அஞ்சு.

"பொருந்தலையாம்." இந்த ஒரு வார்த்தை ஒரே ராத்திரியில ஊரெல்லாம் போயிடுச்சு. அரியலூர்லேருந்து அத்தை, செந்துறையிலேருந்து மாமான்னு எல்லாரும் துக்கம் விசாரிக்கிற முகத்தோட வந்து திண்ணையில உட்கார்ந்தாச்சு. பையன் உள்ரூம்ல கிரிக்கெட் பார்த்துக்கிட்டு இருக்கான்!

எனக்குக் கோபம் இந்த "பொருந்தலை" மேலதான்.

மஜ்ஜைக்குப் பார்க்கிற ஹெச்.எல்.ஏ. மரபணுக்கள் ஆறாவது குரோமோசோம்ல இருக்கு. அப்பாகிட்டேருந்து ஒரு செட், அம்மாகிட்டேருந்து ஒரு செட். முக்கியமா பார்க்கிறது அஞ்சு மரபணு, ரெண்டு செட்டுக்கும் சேர்த்துப் பத்து மார்க். கூடப் பிறந்தவங்க முழுசா ஒத்துப்போக நாலுல ஒரு வாய்ப்பு, பாதி ஒத்துப்போக நாலுல ரெண்டு. பெத்தவங்களும் பெத்த பிள்ளைகளும் எப்பவுமே குறைஞ்சது பாதி. அதாவது பத்துக்கு அஞ்சு அநேகமா எல்லா வீட்லயும் இருக்கு.

முன்னாடி இந்த அஞ்சு செல்லாக்காசு. கொடுத்தவரோட டி செல்கள் நோயாளி உடம்பையே எதிரின்னு நினைச்சு அடிக்கும். அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்காரங்க ஒரு வழி கண்டுபிடிச்சு 2008ல விரிவா எழுதினாங்க. மஜ்ஜை ஏத்தின மூணாவது, நாலாவது நாள்ல சைக்ளோபாஸ்பமைடு. புது மருந்து இல்லீங்க, 1950கள்லேருந்து இருக்கிற பழைய கீமோ மருந்து. சண்டைக்குக் கிளம்பி வேகமாப் பெருகுற டி செல்களை அது போட்டுத் தள்ளும். ஸ்டெம் செல்கள்கிட்ட அந்த மருந்தை முறிக்கிற என்ஸைம் இருக்கிறதால அதுங்க பிழைச்சுக்கும். பழைய கோடுல ரெண்டே வரி மாத்தி பெரிய பக்கை சரி பண்ணின மாதிரி. நம்ம நாட்டு ஆஸ்பத்திரிகள்லயும் இதைச் செய்றாங்க.

ஜாதகத்துல பத்துப் பொருத்தத்துல அஞ்சு இருந்தா "ரஜ்ஜு தட்டலை, பண்ணிடலாம்"னு பந்தக்கால் நடுறவங்கதான் நாம. இங்க டாக்டரே அஞ்சு போதும்கிறார், எழுந்து ஓடுறோம்.

ஓடுறதுக்குக் காரணம் வேற. தங்கச்சி "நான் கொடுக்கிறேன்"னு சொன்னப்பதான் அது வெளியில வந்துச்சு. "கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு, முதுகெலும்புல ஊசி குத்தினா நாளைக்குக் குழந்தை பொறக்குமா?"ன்னு ஒருத்தர். "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா?"ன்னு இன்னொருத்தர். சித்தப்பா கொடுக்கலாம்னா அவருக்குச் சர்க்கரையும் நெஞ்சுவலியும். டாக்டருங்க தங்கச்சியைத்தான் கேட்டாங்க. இந்தப் பஞ்சாயத்துல மூணு வாரம் போச்சு.

முதுகெலும்பைத் தொடவே மாட்டாங்க. நாலஞ்சு நாள் ஒரு ஊசி, அப்புறம் ஒரு கையிலேருந்து ரத்தம் எடுத்து, மெஷின்ல ஸ்டெம் செல்லைப் பிரிச்சுட்டு, இன்னொரு கை வழியா திரும்ப ஏத்துவாங்க. அஞ்சாறு மணி நேரம் ஆகலாம். உடம்பு வலிக்கும், பாராசிட்டமால் போடலாம். சில பேருக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்புலேருந்து எடுப்பாங்க. கர்ப்பப்பைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"பதிவேட்டுல தேடி, பத்துக்குப் பத்து கிடைக்கிற வரைக்கும் இருப்போமே"ன்னு படிச்ச மாமா ஒருத்தர். உலகம் முழுக்க 4 கோடிப் பேருக்கு மேல பதிஞ்சிருக்காங்க, நம்ம நாட்டுல சில லட்சம்தான். சென்னையில 2009லேருந்து தாத்ரி இருக்கு, நானும் கன்னத்துல பஞ்சைத் தேய்ச்சுக் கொடுத்துப் பதிஞ்சிருக்கேன், நீங்களும் பதியுங்க. ஆனா தேடி முடியுற வரைக்கும் நோய் காத்திருக்காது மாமா.

இதனால எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல வரலை. கிருமித் தொற்று வரலாம், புது மஜ்ஜை ஒட்டாமப் போகலாம், நோயே திரும்பலாம். செலவும் லட்சக்கணக்குல. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல மஜ்ஜை மாற்று இருக்கு, ஆனா வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும். வேலூர் சி.எம்.சி.யில 1986லயே மஜ்ஜை மாத்தியிருக்காங்க. நாற்பது வருஷம் ஆகப்போகுது, அந்தச் சேதி இன்னும் எங்க ஊருக்கு வந்து சேரலை. ரயிலே வராத ஊருக்கு எப்படி வரும்ங்கிறீங்களா? பிரிச்சு, சேர்த்து, 2007ல மறுபடி பிரிச்ச அரியலூர்ல ரயிலும் உண்டு, 2022லேருந்து அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. அங்க மஜ்ஜை மாத்தணும்னு நான் கேக்கலை. ரிப்போர்ட்டைக் கையில கொடுக்கும்போது சொந்தக்காரங்களை உட்கார வச்சு அரை மணி நேரம் தமிழ்ல பேச ஒரு ஆளைப் போடுங்கன்னுதான் கேக்குறேன்.

தங்கச்சிக்கு இருபத்திரெண்டு வயசு. யார் கையெழுத்தும் தேவையில்லைன்னு தெரிஞ்சதும் அவளே போட்டுட்டா. "அண்ணே, எத்தனை நாள் லீவு போடணும்?"னு போன்ல கேட்டா. "ரெண்டு வாரம் சொல்லி வை"ன்னேன். சித்தப்பா இன்னும் அவகிட்ட சரியாப் பேசலை.

டிஸ்கி: அடுத்த மாசம் வேலூர்ல அட்மிஷன். ரத்தமும் தட்டணுவும் நிறைய வேணும். மஜ்ஜை மாத்துறதுக்கு முன்னாடி ரத்த சொந்தங்களோட ரத்தத்தை நோயாளிக்கு ஏத்தக்கூடாது, உடம்பு அதுக்கு எதிரா முன்கூட்டியே தயாராகி புது மஜ்ஜையைத் தள்ளிடலாம். பாசத்துல வரிசையில நிக்கிற எங்க பெரியப்பா பசங்களை இதைச் சொல்லித்தான் நிறுத்தி வச்சிருக்கேன். அதனால வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கம் இருக்கிற பதிவர்களே, உங்களைத்தான் நம்பியிருக்கேன். ஏ பாசிட்டிவ். ஒரு மடல் போடுங்க.