அகராதிப் பணியில் அடுத்த பதிப்பாசிரியர்

பேரகராதியைத் தொடங்குபவர் அதன் கடைசித் தொகுதி அச்சேறுவதைக் காண்பது அரிது என்பதால், தமக்குப் பின் வருபவரைத் தம் காலத்திலேயே கண்டறிந்து உடன் அமர்த்திப் பழக்குவது முதன்மைப் பதிப்பாசிரியரின் கடமைகளுள் ஒன்றாகும். இதைப் பதவி காலியான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது தவறு என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் வரலாறே சான்று.

அதன் முதல் பதிப்பாசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் 1861இல் முப்பது வயதிலேயே மறைந்தார். அடுத்துப் பொறுப்பேற்ற ஃபர்னிவல் ஊக்கம் மிக்கவராயினும் பல கழகங்களில் கவனம் சிதறியவராதலால் வேலை தளர்ந்தது. 1879இல் ஜேம்ஸ் மரே பொறுப்பேற்றபோது, சொல்லும் அது ஆளப்பட்ட மேற்கோளும் எழுதப்பட்ட தாள் துண்டுகளாகிய சொற்சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்தன. ஓர் எழுத்துக்குரிய சீட்டுகளோ இத்தாலியின் புளோரன்சில் கிடந்தன. சிதறியவற்றைத் தேடித் திரட்டுவதே புதியவரின் முதல் வேலையாயிற்று.

மரேக்குப் பின் அந்த நிலை ஏற்படவில்லை. 1884இல் வெளியான முதல் பகுதிக்குக் கூர்மையான மதிப்புரை எழுதிய ஹென்றி பிராட்லி, ஷெஃபீல்டில் கத்தி முதலியன செய்யும் நிறுவனமொன்றில் நெடுநாள் எழுத்தராக இருந்தவர், பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். ஆயினும் குறை காணும் கண் வாய்த்த அவரையே திட்டம் தன்னிடம் அழைத்துக்கொண்டு, 1888இல் தனிப் பொறுப்புள்ள பதிப்பாசிரியராக்கியது. 1901இல் கிரெய்கியும் 1914இல் ஆனியன்சும் அவ்வாறே உயர்த்தப்பட்டனர். இருவரும் முன்னரே அப்பணியிடத்தில் உழைத்துத் தேர்ந்தவர்கள். எனவே 1915இல் மரேயும் 1923இல் பிராட்லியும் மறைந்தபோதும் வேலை நிற்காமல் 1928இல் நிறைவெய்தியது. திறனாய்வாளரைப் பகைவராகக் கருதாமல் வாரிசாகக் கருதிய அந்தத் துணிவு போற்றத்தக்கது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் மற்றொரு பாடத்தைத் தருகிறது. 1913இல் சாண்ட்லர் தொடங்கிய அப்பணி 1922இல் அவர் ஓய்வு பெற்றபின் கைமாறி, 1926இல் வழக்குரைஞராகத் தொழில் செய்துவந்த வையாபுரிப்பிள்ளையிடம் வந்தது. அச்சேறிய பகுதிகளை மீண்டும் முதலிலிருந்து தொடங்காமல், வகுத்த திட்டத்தைத் தொடர்ந்து 1936இல் ஆறு தொகுதிகளையும் முடித்து, விடுபட்ட சொற்களை 1939இல் அநுபந்தமாக வெளியிட்டார். முன்னோரின் கட்டமைப்பை ஏற்றுக்கொண்டு குறையைத் தனியே நிரப்பும் இப்பண்பு, பின்வருபவருக்குப் புலமைக்கு நிகராக வேண்டப்படுவது.

இன்றைய திட்டங்களில் பணிமூப்பும் பட்டமும் மட்டுமே அளவுகோலாகும்போது, ஒரு நாளும் சொற்பதிவு செய்யாதவர் தலைமைக்கு வந்துவிடுகிறார். ஒரு சொல்லைத் தலைச்சொல்லாக, அதாவது தனிப் பதிவாக, வைப்பதா, மற்றொன்றின் உட்பொருளாக அடக்குவதா என்னும் ஆயிரக்கணக்கான முடிவுகளின் காரணங்கள், எழுதிவைக்கப்படாவிட்டால் முன்னவரோடு போய்விடும். பின்னவர் வேறுவிதமாக முடிவெடுக்க, ஒரே நூலின் முன்பகுதியும் பின்பகுதியும் முரண்படும்.

ஆகவே அகராதித் திட்டங்களை நடத்தும் பல்கலைக்கழகங்களும் அரசுத் துறைகளும் இரண்டைத் தவறாமல் செய்ய வேண்டும்: முடிவுகளையும் அவற்றின் காரணங்களையும் குறித்துவைக்கும் பதிவேட்டை முதல் நாளிலிருந்தே பேண வேண்டும்; முதன்மைப் பதிப்பாசிரியர் ஓய்வு பெறுவதற்குக் குறைந்தது ஈராண்டுகளுக்கு முன்பே அடுத்தவரை அமர்த்தி, இருவருக்கும் ஊதியம் வழங்க நிதி ஒதுக்க வேண்டும்.