நம்ம நாய்தானே என்று விடலாமா?

தெருநாய் ஒரு பிள்ளையைக் கடித்தால் ஊரே கூடிவிடுகிறது. நகராட்சிக்கு மனு பறக்கிறது. பக்கத்து வீட்டு நாய் கடித்தால் சத்தமே இல்லை! "நம்ம மணிதானே, விளையாட்டுக்குப் பல்லு பட்டிருக்கும்" என்று காயத்தில் மஞ்சளை அப்புகிறார்கள். பிள்ளை கையில் ஒரு மிட்டாய். அதோடு விவகாரம் முடிந்தது.

இந்தத் தாட்சண்யம்தான் உயிருக்கு உலை வைக்கிறது. மணி போன வாரம் எந்த நாயோடு சண்டை போட்டது என்பது வளர்த்தவருக்கே தெரியாது. வெறிநோய் வெளியே தெரிய ஆரம்பித்த பிறகு எந்த டாக்டராலும் காப்பாற்ற முடிவதில்லை. தமிழ்நாட்டில் 2024-ம் ஆண்டில் மட்டும் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் பேரை நாய் கடித்தது. வெறிநோய்க்கு 43 பேர் பலியானார்கள்.

வளர்ப்பு நாயின் பல்லும் லேசானதல்ல. 2024 மே 5-ந்தேதி சென்னை ஆயிரம்விளக்கில் மாநகராட்சிப் பூங்கா காவலாளியின் 5 வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறின. தடுக்க ஓடிய தாய்க்கும் கடி. இரண்டும் ஒரு வீட்டில் செல்லமாக வளர்ந்தவை. சொந்தக்காரர் கைதானார்.

அது சென்னை, அது சீமை நாய் என்று வடலூர்க்காரர்கள் சும்மா இருந்துவிட முடியாது. இது வள்ளலார் 1867-ல் தருமசாலை கண்ட ஊர். வாயில்லா ஜீவனுக்கு ஒரு பிடி சோறு வைக்காத வீடு இங்கே அபூர்வம். நான்குமுனைச் சந்திப்பில் டீ குடிக்கிறவர் பொறை வாங்கினால் பாதி நாய்க்குத்தான். நல்ல குணம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் சோறு போடுகிற கைகளில் எத்தனை கை அந்த நாயைக் கால்நடை மருத்துவமனைக்கு இழுத்துப் போயிருக்கிறது? நாலு வீட்டுச் சோறு தின்கிற நாய்க்கு ஊசி போட ஒரு வீட்டுக்காரரும் இல்லை. அது கடித்துவிட்டால், "அது எங்க நாய் இல்லீங்க" என்று நாலு வீடும் கதவைச் சாத்திக்கொள்ளும்.

முதல் கால்மணி நேரம்

பிள்ளையைக் கடித்ததும் யார் நாய் என்ற பஞ்சாயத்து வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, காயத்தைக் கால்மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்ப் பொடி எதுவும் கூடாது. அப்புறம் நேரே பெரியாஸ்பத்திரி. குறிஞ்சிப்பாடியோ, கடலூரோ, சிதம்பரமோ எது கிட்டவோ அங்கே. அரசு ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் காசு கிடையாது.

சின்னப் பிள்ளையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது. அதனால் முகத்திலும் தலையிலும் கடி விழுகிறது. மூளைக்குப் பக்கம் என்பதால் ஆபத்தும் அதிகம். ரத்தம் வந்த காயமென்றால் தடுப்பூசி மட்டும் போதாது. காயத்தைச் சுற்றிப் போடும் சீரம் ஊசியும் வேண்டும். பெற்றோர் இதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். தையல் போடச் சொல்லி அவசரப்படுத்தக் கூடாது.

"தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி" என்று பாட்டிமார் இன்னும் பயமுறுத்துகிறார்கள். ஆட்டு மூளையில் தயாரித்த அந்த மருந்து ஒழிந்து 20 வருஷம் ஆகிவிட்டது. இப்போது கையில்தான் ஊசி. அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் நாலு தடவை: கடித்த அன்று, 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள்.

அடித்துக் கொல்லலாமா?

கோபத்தில் நாயை அடித்துக் கொல்வதும், சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விடுவதும் முட்டாள்தனம். நாயைக் கட்டிப்போட்டு 10 நாள் பார்க்க வேண்டும். பத்து நாளும் நன்றாகத் தின்று திரிந்தால், கடித்த அன்று அதற்கு வெறிநோய் இல்லை என்று அர்த்தம். டாக்டருக்கு அது பெரிய தகவல். கொன்றுவிட்டால் அது கிடைக்காது. ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப் போடவே கூடாது.

நாய்க்காரர் கதைக்கு வருவோம். "செலவை நான் பாத்துக்கறேன், போலீசுக்கு மட்டும் போயிடாதீங்க" என்பார். நாயை அசட்டையாக விட்டு ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவில் 6 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் மீது எடுத்த எடுப்பில் வழக்கா என்று தயங்குவது இயல்பு. தயங்கட்டும். ஆனால் நாய்க்காரர் தடுப்பூசிச் சீட்டை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். நாயைக் கட்டிப்போட வேண்டும். இரண்டுக்கும் மறுத்தால் ஸ்டேஷன் படி ஏறுவதில் தப்பில்லை.

நாலாவது ஊசி சமயத்தில் காயம் ஆறியிருக்கும், இரண்டு வீடும் ராசியாகியிருக்கும். பலர் கோட்டை விடுவது அங்கேதான். பரீட்சை நாளாக இருந்தாலும் 28-ம் நாள் பிள்ளையை அழைத்துப் போகத்தான் வேண்டும்.