சிவப்பு விளக்கு சொன்ன சேதி



சென்ற மழைக்காலத்தின் முடிவில் எமது இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி இம்மாதப் பகுதியைத் தொடங்குகிறோம். கூறுவதற்குச் சற்றே வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும், பிறர் வீட்டுத் தவறுகளை எழுதிவரும் ஒருவர் தம் வீட்டுத் தவறை மட்டும் மறைத்துவிடுதல் முறையன்று.

எமது ஊர் மலையடிவாரத்தில் உள்ளது. கைப்பேசிக் கோபுரத்தின் அலை தெருமுனை வரையே எட்டும், வீட்டினுள் நுழையாது. குவைத் நாட்டில் செவிலியாகப் பணிபுரியும் எம் மூத்த மகள் நாள்தோறும் இரவு எட்டரை மணிக்கு அழைப்பாள். தொண்ணூறு வயதை நெருங்கும் எம் தாயார், பேத்தியின் முகத்தைத் திரையில் கண்ட பின்னரே உணவருந்துவார். இவையெல்லாம் வீட்டுக்கு வந்துள்ள கண்ணாடியிழை இணைப்பை நம்பியே நடந்து வந்தன. ஒரு சனிக்கிழமை இரவு அந்த இணைப்பு நின்றுபோயிற்று.

குற்றவாளி யார் என்பதில் நமக்கு ஐயமே எழவில்லை. பதினாறு வயது மகன் இரவில் நெடுநேரம் கணிப்பொறியில் விளையாடுகிறவன். அவன்தான் எதையோ மாற்றிக் கெடுத்துவிட்டான் என்று முடிவு செய்தோம். "அப்பா, பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது, முதலில் அதைப் பாருங்கள்" என்று அவன் சொன்னதையும் சாக்குப்போக்கு என்றே கொண்டோம். கடிந்துகொண்டதோடு நில்லாமல், பெட்டியின் பின்புறமிருந்த சிறு துளைக்குள் ஊசியை நுழைத்து அழுத்தினோம். எல்லா விளக்குகளும் அணைந்து மறுபடி எரிந்தன. சிவப்பு விளக்கு மட்டும் சிவப்பாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்த பணியாளர் சில நிமிடங்களிலேயே காரணத்தைக் கண்டறிந்தார். வெள்ளையடிப்பதற்காகச் சனிக்கிழமை பகலில் நகர்த்திய இரும்பு அலமாரியை மீண்டும் சுவரோடு சேர்த்துத் தள்ளியவர் நாமே. அப்போது அதன் பின்னே கண்ணாடியிழைக் கம்பி மடிந்து நசுங்கியிருந்தது. அவர் அக்கம்பியை மாற்றியதும் சிவப்பு விளக்கு அணைந்தது. ஆனால் இணையம் வரவில்லை! நாம் ஊசியால் அழுத்தியபோது, பெட்டியில் பதிந்திருந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோயிருந்தன. அவற்றை மீண்டும் பதிக்க முக்கால் மணி நேரமாயிற்று. ஆக, ஒரு குறை இரண்டாயிற்று. இரண்டுமே எமது கைவேலை.

மூன்று இரவுகள் எம் தாயார் சரியாக உண்ணவில்லை. அங்கே மகள் என்னவோ ஏதோ என்று கலங்கியிருந்தாள். மகனோ நம்மை நோக்கி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனமே எமக்குப் போதிய தண்டனையாயிற்று.

நிற்க. இத்தகைய தொல்லை இன்று பல இல்லங்களில் உண்டு என்பதை அறிவோம். ஆதலின், இணைப்பு நின்றால் எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை நாம் கற்றுக்கொண்ட அளவில் இங்கே எழுதுகிறோம்.

இன்றைய இணையத்துக்கு முன்னோடியான கணிப்பொறி வலைப்பின்னலே பாதியில் அறுந்துதான் பிறந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்ற மாணவர், சுமார் 560 கிலோமீட்டர் தொலைவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்திலிருந்த கணிப்பொறிக்கு 'லாகின்' என்ற ஆங்கிலச் சொல்லை அனுப்ப முயன்றார். இருபுறத்தாரும் தொலைபேசியையும் கையில் வைத்திருந்தனர். முதல் எழுத்தை அனுப்பி, "வந்ததா?" என்று கேட்டார், "வந்தது" என்றனர். இரண்டாம் எழுத்தும் சென்று சேர்ந்தது. மூன்றாம் எழுத்தில் மறுமுனைக் கணிப்பொறி நிலைகுலைந்து நின்றுவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அதைச் சரிசெய்து முழுச் சொல்லையும் அனுப்பினர்.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. அவர்கள் ஒருவரையொருவர் குறை கூறிக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக்கொண்டே சென்றதால், எது வரை சென்றது, எங்கே நின்றது என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நாமும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

நம் கையிலுள்ள கருவியிலிருந்து வெளியுலகம் வரை இணைப்பு ஒரு சங்கிலியாகச் செல்கிறது. முதற் கண்ணி கணிப்பொறி அல்லது கைப்பேசி. இரண்டாவது வைஃபை அலை. மூன்றாவது, தமிழில் திசைவி எனப்படும் ரூட்டர். நான்காவது, கண்ணாடியிழையில் வரும் ஒளியை மின்குறிகளாக மாற்றும் பெட்டி. ஐந்தாவது, தெருவிலிருந்து வரும் இழை. ஆறாவது, சேவை தரும் நிறுவனம். பல வீடுகளில் மூன்றாவதும் நான்காவதும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருக்கும். இவற்றுள் எந்தக் கண்ணி அறுந்தாலும் 'இணையம் இல்லை' என்றுதான் நாம் சொல்கிறோம். எந்தக் கண்ணி என்று காண்பதே வேலை.

முதலாவதாகக் கேட்க வேண்டிய வினா இது: ஒரு கருவிக்கு மட்டும் இணையம் இல்லையா, எல்லாவற்றுக்கும் இல்லையா? மகனுடைய கணிப்பொறியில் வராது, தாயின் கைப்பேசியில் வருமாயின், பெட்டியும் இழையும் நிறுவனமும் நலமே. அந்தக் கணிப்பொறியை மட்டும் பார்த்தால் போதும். எதிலுமே வரவில்லையெனில், கருவிகளின் அமைப்புகளைத் தொடாமல் பெட்டியிடம் செல்க. இந்த ஒரு வினாவே பாதி வேலையை முடித்துவிடும்.

இரண்டாவதாக, பெட்டியின் விளக்குகளைப் பார்க்க வேண்டும். கண்ணாடியிழைப் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தாலும் மின்னினாலும், இழை வழியே ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது கணிப்பொறியில் எதை மாற்றியும் பயனில்லை. இழை எங்காவது மடிந்திருக்கிறதா, செருகுமுனை தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டியதுதான். அந்த விளக்கு அணைந்திருந்து, 'பி.ஓ.என்.' என்ற விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால், இழை நலமாக உள்ளது. அப்படியிருந்தும் இணையம் வரவில்லையெனில், மாதக் கட்டணக் காலம் முடிந்ததா என்று பாருங்கள். சிறிய காரணமாயினும் அடிக்கடி மறக்கப்படுவது இதுவே.

கண்ணாடியிழையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒளி செல்லும் அதன் நடுப்பகுதி 9 மைக்ரான் அளவே உடையது. தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லியது. அதைச் சுருட்டும்போது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் வளைத்தல் நலம். ஆணியில் மடித்து மாட்டுவதும் கதவிடுக்கில் நுழைப்பதும் ஆகா. அதில் செல்லும் ஒளி கண்ணுக்குப் புலப்படாதது. ஆதலால் கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தல் கூடாது. குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

மூன்றாவதாக, பெட்டியை நிறுத்தி மீண்டும் இயக்குதல். மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் தர வேண்டும். இரண்டு பெட்டிகள் இருப்பின் முதலில் கண்ணாடியிழைப் பெட்டியையும், அது நிலைபெற்ற பின் ரூட்டரையும் இயக்குக. பல நாள் ஓய்வின்றி ஓடிய பெட்டியின் நினைவகத்தில் சேர்ந்த குழப்பங்கள் இதனால் நீங்கும். ஆனால் நாள்தோறும் இவ்வாறு செய்ய வேண்டியிருப்பின் வேறு நோய் உள்ளது. பெட்டி அதிகச் சூடாகிறதா, மின் அடாப்டர் பழுதுற்றதா என்று பார்க்க வேண்டும். அடாப்டரை மாற்றுவோர் பழையதன்மேல் எழுதியுள்ள வோல்ட் அளவையே கொண்டதாகவும், ஆம்பியர் அளவு குறையாததாகவும் வாங்குக.

நிறுத்தி இயக்குவது வேறு, ஊசியால் துளைக்குள் அழுத்துவது வேறு. முன்னது தூங்கி எழுவது போன்றது. பின்னது உள்ளே பதிந்த அனைத்தையும் மறக்கச் செய்வது. நிறுவனத்தார் சொன்னாலன்றி அந்தத் துளையைத் தொடாதீர்கள். நாம் பட்டது போதும்.

நான்காவதாக, வைஃபை அலை. ரூட்டருக்கும் கணிப்பொறிக்கும் இடையே லேன் கம்பி ஒன்றைச் செருகிப் பாருங்கள். கம்பியில் இணையம் நன்றாக வந்து, அலையில் வராவிடில் குறை அலையில்தான். பெரும்பாலான ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முன்னது சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும், வேகம் குறைவு. பின்னது வேகமானது, ஆனால் சுவர்களுக்குப் பின்னே விரைவில் தளர்ந்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பு ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குவதால், அது ஓடும்போது முதல் வரிசையில் தடங்கல் வரலாம். ரூட்டரை இரும்பு அலமாரிக்குள்ளோ, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னோ வைக்காமல், வீட்டின் நடுவே சற்று உயரமான திறந்த இடத்தில் வைப்பதே சிறந்தது.

ஐந்தாவது, ஒரு கணிப்பொறியில் மட்டும் இணையம் வராதபோது செய்யத்தக்கது. வலைப்பின்னலில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் எண் முகவரி வழங்குகிறது. வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். கணிப்பொறியின் முகவரி 169.254 என்று தொடங்கக் கண்டால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் அது தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அறிக. வைஃபை கடவுச்சொல்லை நீக்கி மறுபடி இணைத்தாலோ, கம்பியை மாற்றினாலோ பல வேளைகளில் சரியாகும்.

அடுத்து 'பிங்' என்னும் கட்டளை. அமெரிக்கரான மைக் மூஸ் 1983ஆம் ஆண்டு டிசம்பரில் இதை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் சோனார் கருவியின் ஒலியை வைத்தே இப்பெயர் இட்டார். கிணற்றடியில் நின்று குரல் கொடுத்து எதிரொலிக்குக் காத்திருப்பது போன்றதே இதன் வேலை. முதலில் ரூட்டரின் எண்ணுக்குப் 'பிங்' செய்க. அது பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் இருக்கும். மறுமொழி வந்தால் வீட்டுக்குள் வழி சரி. பின்னர் 8.8.8.8 என்ற எண்ணுக்குச் செய்க. மறுமொழி வந்தால் வெளியுலகுக்கும் வழி சரி. அதன் பின்னும் தளங்கள் திறக்கவில்லையெனில், பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாட்டில் குறை இருக்கக்கூடும். 'டி.என்.எஸ்.' எனப்படும் இந்த ஏற்பாட்டைப் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் 1983இல் வகுத்தார். கணிப்பொறியின் வலை அமைப்பில் பெயர்ச் சேவைக்கான எண்ணாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று இட்டால் இக்குறை தீரும்.

பழைய கணிப்பொறி வைத்திருப்போர் தேதியையும் கவனிக்க வேண்டும். உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ்கள் குறித்த காலத்துக்கே செல்லும் ஆதலின், தேதி தவறான கணிப்பொறி அவற்றை ஏற்க மறுக்கும். இணைப்பு நன்றாயிருந்தும் தளம் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஓர் எச்சரிக்கை. இணைப்பு அறுந்த பதற்றத்தில், தேடிக் கிடைத்த ஏதோ ஓர் எண்ணை நிறுவனத்தின் எண் என்று நம்பி அழைக்காதீர்கள். அவ்வாறு காத்திருக்கும் வஞ்சகர் உண்டு. நமது திரையைத் தாம் காண்பதற்கான செயலியை நிறுவச் சொல்வர்; பின்னர் வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்பர். வாழ்நாள் சேமிப்பு ஒரு மாலைப் பொழுதில் போய்விடும். கட்டண ரசீதில் அச்சிட்டுள்ள எண்ணை மட்டுமே அழையுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், இந்திய அரசின் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். நேரம் கடக்கக் கடக்கப் பணத்தைத் தடுத்து நிறுத்துவது அரிதாகும்.

வாடிக்கையாளர் எண், பயனர் பெயர், கடவுச்சொல், நிறுவனத்தின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டார் அறிந்த பத்திரமான இடத்தில் வைப்பது நன்று. இணைப்பு இல்லாத நாளில் இணையத்தில் சேமித்த குறிப்பு உதவாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை மணிக்குக் குவைத்திலிருந்து அழைப்பு வந்தது. எம் தாயார் பேத்தியைக் கண்டு அழுதார், பின்னர் உண்டார். உணவுக்குப் பின் நாம் மகனை அழைத்து, "நீ சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும், தவறு என்னுடையது" என்று கூறினோம். பெற்றோர் வாயிலிருந்து இந்தச் சொற்கள் எளிதில் வருவதில்லை. எமக்கும் எளிதாக வரவில்லை. அவன் சிறிது நேரம் நின்றான். "பரவாயில்லை, அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் அந்த இரும்பு அலமாரியின் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இணைப்பு நின்றால் செய்ய வேண்டியவற்றை அவன் தன் கையெழுத்தில் வரிசையாக எழுதியிருந்தான். மேலே நாம் எழுதியவற்றுள் பெரும்பகுதி அந்தத் தாளிலிருந்து கற்றதே. அதன் முதல் வரி இது: "முதலில் விளக்கைப் பார்க்கவும்."

அந்தத் தாளை நாம் இன்னும் அகற்றவில்லை. அலமாரியும் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளியே நிற்கிறது.